நிலுவையில் ஒரு பிராது

கொளஞ்சியம்மாள் தன் ரத்தத்தைத் தன் ஜென்ம விரோதிக்குக் கொடுத்து அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விடுதியின் சமையற்கட்டில், நானூறு பிள்ளைகளுக்கான சாம்பார் கொதிக்கும் அண்டாவின் முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். நீளக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து அடியோடு கிண்டினால்தான் பருப்பு மேலே வரும். கிண்டும்போதெல்லாம் இடுப்பு விண்ணென்று தெறித்தது. ஐந்து நாள் ஊசி போட்டு, எலும்புக்குள் கிடந்ததையெல்லாம் ரத்தத்துக்குக் கிளப்பிவிட்டு, ஆறாவது நாள் நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுக்கவைத்து வடித்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு லேசான வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். இந்த அண்டாவை அவருக்கு யார் போய்க் காட்டுவது?

விரோதி வெளியாள் இல்லை, கூடப்பிறந்த அண்ணன் தங்கராசு. அப்பன் ஆத்தாளுக்குப் பிறந்தது இவர்கள் இரண்டே பேர். அவனுக்கு ரத்தத்தில் புற்று என்று போன மாசியில் தெரிந்தது. மருந்து ஏற்றி நோயை அடக்கினார்கள். அடங்கினது திரும்பக் கிளம்பாமல் இருக்க வேண்டுமானால், அவனுடைய மஜ்ஜையை மொத்தமாக அழித்துவிட்டு, ஒத்துப்போகிற வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்ற வேண்டும் என்றார்கள். தங்கச்சியைப் பரிசோதித்துப் பார்த்ததில் பத்துக்குப் பத்து என்று வந்தது. “எனக்கும் எம்புருஷனுக்குமே ஏழு பொருத்தந்தான் இருந்திச்சி” என்று கொளஞ்சி அன்றைக்கு நர்சிடம் சொல்லிச் சிரித்தாள். நர்சு அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள்.

“கொளஞ்சி.”

பின்வாசலில் அண்ணி அருள்மொழி நின்றுகொண்டிருந்தாள். கடலூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். ஐப்பசித் தூறலில் முந்தானை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. பத்து வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரியில்கூடக் கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டுவதோடு சரி.

“என்னா?” என்றாள் கொளஞ்சி, கரண்டியை விடாமல்.

“அவுரு சாப்புடல.”

“எத்தினி நாளா?”

“இன்னியோட நாலு நாளு. வாயெல்லாம் வெந்து கெடக்கு. அது எல்லாருக்கும் அப்பிடித்தானாம். பக்கத்து ரூமுல இருக்குற பையன் அந்தப் புண்ணோடவே கஞ்சி குடிக்கிறான். இவுரு மொகத்தச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிறாரு. எழுந்து ஒக்காருங்கன்னா ஒக்கார மாட்டேங்குறாரு. வாய் கொப்புளிக்கக் குடுத்த தண்ணியக்கூடத் தொடல. நரம்பு வழியா ஏத்திக்கிட்டு இருக்காங்க.”

“எங்கிட்டேருந்து எடுத்துட்டுப் போனது என்னா பண்ணுது?”

“அது இன்னும் புடிக்கல. இன்னும் நாலஞ்சு நாளாவும்ங்கறாங்க.”

“அப்ப அங்க போயி ஒக்காரு. எங்கிட்ட எதுக்கு வந்த? இன்னும் வடிக்கணுமா?”

அருள்மொழி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “அவுரு வாயிலேருந்து ஒரே வார்த்ததான் வருது. ‘என்னா ஏத்தி என்னாடி, பிராது அப்பிடியே நிக்குது’ங்கறாரு. டாக்டருக்கு அது புரியல. எனக்குப் புரிஞ்சிச்சி. அதான் வந்தேன்.”

மறைப்பானேன், அதைக் கேட்டதும் கொளஞ்சிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பத்து வருஷமாக அந்தப் பிராதைச் சட்டையே செய்யாத ஆள். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, “சாமிக்கு என்ன விசாரிக்கவா நேரம்?” என்று கேட்ட ஆள். இன்றைக்குப் பயத்தில் கஞ்சி இறங்கவில்லை. “பந்தி முடியட்டும்” என்று மட்டும் சொன்னாள். சாதம், சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், மோர் என்று நானூறு பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் அண்ணியைப் பின்வாசல் மழைச் சாரலில் உட்காரவைத்தாள். ஒரு வாய் டீ கொடுக்கவில்லை.

பிராது என்பது என்ன என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிற கொளஞ்சியப்பர் அவர்களுக்குச் சாமி மட்டும் இல்லை, கோர்ட்டும் அவர்தான். இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார், விசாரித்து நியாயம் வழங்க வேண்டும் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால், சாமி காலடியில் வைத்துப் பூசை செய்து தருவார்கள். அதைச் சுருட்டி முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று நாளில் இல்லாவிட்டால் மூன்று வாரத்தில், அதுவும் இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் நடக்கும் என்பார்கள். வழக்குத் தீர்ந்தால் கட்டியவரே திரும்பப் போய் ராஜினாமா எழுதிக்கொடுத்து வாபஸ் வாங்க வேண்டும். வாங்காதவரைக்கும் அது நிலுவைதான். கொளஞ்சியம்மாளுக்கு அந்தச் சாமியின் பேரையே வைத்திருந்தார்கள். அவள் வேறு எங்கே போவாள்?

அவள் வழக்கு பத்து வருஷத்துக்கு முந்தினது. அந்தக் கார்த்திகை மழையைக் கடலூர் ஜில்லாவில் மறந்தவர் யாரும் இல்லை. வெள்ளாற்றங்கரையில், ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கிழக்கே இருந்தது அவர்கள் ஊர். ஓடைக்கு இந்தாண்டைக் கொல்லைமேட்டில் கொளஞ்சியும் அவள் புருஷன் சுப்புராயனும் குடியிருந்தார்கள். ஓடைக்கு அந்தாண்டை ஊர். நடுவில் ஒரு தரைப்பாலம். பொழுது சாய்கிற நேரத்தில், நனைந்த வைக்கோலை இழுத்த சுப்புராயனைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. அந்தத் தண்ணீரில் ஆம்புலன்ஸ் வராது. வரக்கூடியது ஊரிலேயே ஒன்றுதான், தங்கராசுவின் டிராக்டர். கொளஞ்சி போன் போட்டாள். “அங்கியே நில்லு, வண்டிய எடுத்துக்கிட்டு வர்றேன்” என்றான் அண்ணன்.

நின்றாள். புருஷன் தலையை மடியில் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். கொல்லைமேட்டில் இருந்த நாலு ஆம்பிளைகள் கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வடக்குக் கரையைச் சுற்றி நடந்தால் ஒரு மணி நேரத்தில் ரோட்டைப் பிடித்துவிடலாம் என்றார்கள். “வேணாம், எங்கண்ணன் வர்றாரு” என்று தடுத்தாள். அரை மணி கழித்து மறுபடி வந்து கூப்பிட்டார்கள். மறுபடியும் தடுத்தாள். கடைசியில் யாரையும் கேட்காமல் அவர்களாகவே கட்டிலில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. ரோட்டுக்குப் போவதற்குள் சுப்புராயனுக்குக் கண் இமை தூக்க முடியவில்லை. சிதம்பரம் ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு இல்லை.

அந்த நேரத்தில் தங்கராசு என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஊரே பார்த்தது. களத்துக் கொட்டகையில் இருந்த குறுவை நெல் மூட்டைகளை அதே டிராக்டரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான். பஞ்சாயத்தில் கேட்டபோது அவனே ஒத்துக்கொண்டான். “நெல்லு நனைஞ்சா வருஷமே போச்சி. மூட்டய ஏத்திட்டு வந்துடலாம்னு நெனச்சேன்.” கருமாதி முடிந்த மறுநாள் கொளஞ்சி மணவாளநல்லூருக்குப் பஸ் ஏறினாள்.

மூன்று நாளிலும் நடக்கவில்லை, மூன்று மாதத்திலும் நடக்கவில்லை. தங்கராசு இன்னொரு டிராக்டர் வாங்கினான். கொளஞ்சி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சிதம்பரத்துக்கு வந்து விடுதியில் கரண்டி பிடித்தாள். இப்போது நோய் வந்ததும் ஊர் கணக்குப் பார்த்தது. சாமிக்கு நாள் கணக்கு வேறு என்றார்கள். அப்படியானால் அவள் எதற்கு ரத்தம் கொடுத்தாள்? பாசத்தில் கொடுத்தாள் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊருக்கு என்ன தெரியும். வர்றேன் என்று சொல்லிவிட்டு அவன் வரவில்லை. வர்றேன் என்று சொல்லாமலே அவள் வந்தாள். அவன் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு நாளும் அது அவன் கன்னத்தில் விழுகிற அறை. அதற்காகத்தான் இடுப்பு வலியைத் தாங்கினாள்.

சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அருள்மொழிதான் ஆரம்பித்தாள்.

“நீ மணவாளநல்லூருக்குப் போவ வேணாம் கொளஞ்சி. எடுத்துட்டேன்னு வாயால ஒரு வார்த்த சொல்லு. நம்புவாரு.”

“அப்ப பொய் சொல்லச் சொல்ற.”

“உசுரக் காப்பாத்தற பொய்தான?”

“இப்பிடி ஒரு பொய்யிலதான் எம்புருஷன் உசுரு போச்சி அண்ணி. வர்றேன்னு சொன்னாரே உங்க வூட்டுக்காரரு, அது என்னாவாம்?”

அருள்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆலப்பாக்கம் வந்தது, போனது.

ஆஸ்பத்திரி பைபாஸ் ரோட்டில் புதிதாக எழும்பிய கட்டடம். மூன்றாவது மாடியில் கண்ணாடிக் கதவுகளுக்கு உள்ளே ஆறு அறைகள். அதற்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன அறையில் ஜோதி மேரி இருந்தாள். வார்டில் எல்லாரும் அவளைக் கவுன்சிலிங் மேடம் என்பார்கள். ஊர் மஞ்சக்குப்பம். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. ஊசியும் போடாமல் மாத்திரையும் எழுதாமல் பேசுவதற்கென்றே ஒரு ஆளை வைத்திருக்கிறார்களே என்று கொளஞ்சிக்கு முதல் நாளிலிருந்தே ஓர் இளக்காரம் உண்டு.

“ஒக்காருங்கக்கா. சாப்ட்டீங்களா?”

“நான் சாப்ட்டுட்டுத்தான் வந்தேன். உங்க பேஷண்டுதான் சாப்புடல.”

ஜோதி மேரி சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மன்னிப்பும் கேட்கவில்லை.

“நேரா விஷயத்துக்கு வா பொண்ணு” என்றாள் கொளஞ்சி. “நான் போயி அவன மன்னிச்சிட்டேன்னு சொல்லணும். அதான?”

“இல்லக்கா. மன்னிக்கச் சொல்ல நான் யாரு? உங்க கோவம் உங்களோடது. அதுல நான் கை வைக்க மாட்டேன்.”

கொளஞ்சி இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராகக் கொண்டுவந்திருந்த வார்த்தைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“எங்கண்ணி பொய் சொல்லச் சொல்லுது. பிராத எடுத்துட்டேன்னு.”

“அதுவும் வேணாம். அந்த ரூமுல அவருக்கு யோசிக்கறதத் தவிர வேற வேல கெடையாது. பொய்யி ரெண்டு நாளு தாங்கும். மூணாவது நாளு கண்டுபுடிச்சிடுவாரு. அப்பறம் நாங்க யாரு என்னா சொன்னாலும் நம்ப மாட்டாரு.”

“நீ அவன்கிட்ட தெனம் என்னாதான் பேசுற?”

“ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணுக்கா. சில பேருக்கு வலி. சில பேருக்குச் சாவு பயம். சில பேருக்குப் புள்ளைங்களத் தொட முடியலயேன்னு ஏக்கம். மூச்சுப் பயிற்சி குடுப்பேன். ஒரு நாள நாலாப் பிரிச்சி, இந்த ஒரு வேளய மட்டும் தாண்டிடலாம்னு பழக்குவேன். உங்கண்ணன்கிட்ட எதுவும் எடுபடல. மூணு நாளு பேசிப் பாத்தேன். நாலாவது நாளு பேசாம பக்கத்துல ஒக்காந்தேன். அப்பத்தான் வாயத் தொறந்தாரு.”

“என்னா சொன்னான்?”

“அத நான் சொல்லக் கூடாது. அவுரு சொன்னத வெளிய சொன்னா நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. உங்ககிட்ட அவருக்கு ஒரு விஷயம் சொல்லணுமாம். நீங்க கேக்கலாம். கேக்காம பஸ் ஏறலாம். கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு போன்லதான் பேசணும், பாதியில வச்சிட்டும் போவலாம். எதுவும் தப்பில்ல.”

“உங்க கோயில்லதான் பாவத்தச் சொல்லிட்டா கழுவிடுவாங்களாமே.”

“அங்க சாமியாருகிட்ட சொல்றோம். யாருக்குத் தப்புப் பண்ணமோ அவங்க மொகத்தப் பாத்துச் சொல்றது அத விடக் கஷ்டம்க்கா.”

“நான் கேட்டா அவன் பொழச்சிடுவானா?”

“தெரியாது. கேட்டா உங்களுக்குக் கோவம் இன்னும் ஜாஸ்தியானாலும் ஆவும். அதையும் முன்னாடியே சொல்லிடுறேன்.”

கொளஞ்சி எழுந்தாள். இந்தக் கடைசி வார்த்தைதான் அவளை எழுப்பியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கராசு தலையணையில் சாய்ந்து கிடந்தான். ஒரு மூட்டையைத் தோளிலும் ஒன்றைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு நடந்த ஆள். தலையில் மயிர் இல்லை, புருவம் இல்லை. உதடு கறுத்து வெடித்திருந்தது. தோளுக்குக் கீழே நெஞ்சில் குழாய் சொருகி, மூன்று பைகளிலிருந்து என்னென்னவோ இறங்கிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக அவள் ஆசைப்பட்ட காட்சி இது. ஆசைப்பட்ட அளவுக்கு இனிக்கவில்லை. அதற்கும் அவளுக்கு அவன்மேல்தான் எரிச்சல் வந்தது. சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்தாள். உள்ளே நர்சு அவன் காதில் இன்னொரு போனை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

“கொளஞ்சி” என்றான். வாய்ப்புண்ணில் வார்த்தை குழறியது.

“சொல்லு.”

“நான் மூட்ட ஏத்தப் போவல.”

“என்னா?”

“அன்னிக்கி. நீ கூப்புட்டதும் வண்டிய எடுத்துக்கிட்டு வந்தேன் புள்ள. தரப்பாலம் வரைக்கும் வந்துட்டேன்.”

கொளஞ்சி போனைக் காதோடு இறுக்கினாள்.

“தண்ணி முழங்காலுக்குத்தான் இருந்திச்சி. டிராக்டரு தாராளமாப் போவும். அத விட ஆழத்துல நானே ஓட்டியிருக்கேன். அப்ப பாத்து ஒரு எருமக் கன்னுக்குட்டி பாலத்து மேலயே அடிச்சிக்கிட்டு உருண்டு போச்சி. கண்ணு ரெண்டும் என்னப் பாத்த மாதிரியே போச்சி. எனக்குக் கை காலு ஓடல. கிளச்சுல வச்ச காலு நடுங்குது. அந்தாண்ட உன் டார்ச்சு தெரிஞ்சிச்சி. அண்ணேன்னு நீ கூப்புட்டது கேட்டுச்சி.”

அவன் நிறுத்தி எச்சில் விழுங்கினான். விழுங்குவதற்கே முகம் கோணியது.

“என் வண்டி லைட்ட நீ பாத்துடுவியேன்னு, லைட்ட அமத்திட்டேன். அமத்திட்டு ரிவர்சுலயே வந்துட்டேன். அப்பறந்தான் களத்துக்குப் போயி மூட்டய ஏத்துனேன். ஊரு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணு வேணுமில்ல. நெல்லுக்காக மச்சானச் சாவ உட்ட பாவின்னு சொல்லட்டும். பயந்துக்கிட்டுத் திரும்பி ஓடுனவன்னு சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன்.”

கொளஞ்சி வெளிச்சத்தைப் பார்த்திருந்தாள். மழைக்குள் மஞ்சளாக இரண்டு கண். “அண்ணன் வந்துட்டாரு, தோ லைட்டு தெரியுது” என்று மடியில் கிடந்தவன் காதில் சொன்னாள். சுப்புராயன்கூடத் தலையை ஆட்டினான். பிறகு அது அணைந்துபோனது. அந்த வெளிச்சத்தை நம்பித்தான், கட்டிலைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது முறை வந்தவர்களைத் திட்டி அனுப்பினாள். பின்னால், டிராக்டர் பாலத்துப் பக்கமே வரவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னதும், அது மின்னலாக இருக்கும், தன் கண்தான் ஏமாந்தது என்று பத்து வருஷம் தன்னையே அடித்துக்கொண்டாள்.

“பயமா இருக்குன்னு ஒரு போனு பண்ணியிருக்கலாமில்ல?” என்றாள். “பயமா இருக்கு, நீங்க வடக்குக் கரையாலப் போயிடுங்கன்னு. அவ்வளவுதான. பொழச்சிருப்பாரு.”

“ஆமா.”

“ஆமாவா? ஆமாங்கற?”

கையில் இருந்த போனால் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். இன்னொரு முறையும் அடித்தாள். தாழ்வாரத்தில் இருந்த நர்சு ஓடி வந்தாள். ஜோதி மேரி குறுக்கே கை நீட்டி அவளை நிறுத்தினாள். கண்ணாடி தடிமனானது, ஒன்றும் ஆகவில்லை. போன் ஒயரில் தொங்கி ஆடியது. கொளஞ்சி மூச்சு வாங்கி முடித்து, அதை மறுபடி எடுத்துக் காதில் வைத்தாள்.

“நான் பிராதுல என்னா எழுதுனேன்னு தெரியுமா உனக்கு? நெல்லு மூட்டைக்காக எம்புருஷனக் கொன்னான், விசாரிக்கணும்னு எழுதுனேன். சாமி எங்க போயி விசாரிக்கும்? நடக்காத குத்தத்த எப்பிடி விசாரிக்கும்? என்னக் கோயில்ல நிக்க வச்சிப் பொய்ப் பிராது கட்ட வச்சிட்டியேடா. அதான் மூணு மாசத்துல ஆவல. அதான் நீ டிராக்டரு மேல டிராக்டரு வாங்குன.”

அண்ணனை டா போட்டது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அவன் அழுதுகொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாயைத் திறந்து அழ முடியவில்லை.

“அந்தப் பிராத எடுத்துடுறேன்” என்றாள். “அழுவாத. உனக்காக எடுக்கல. தப்பான பிராது எம்பேருல நிக்கக் கூடாது. அந்தப் பிராதால நீ சாவப் போறதில்ல, அது பொய்யி. கேட்டுச்சா?”

அவன் தலையை ஆட்டினான்.

“இன்னொண்ணும் கேட்டுக்க. நீ இப்பச் செத்துப்போனீன்னா நெல்லுக்காகப் பாவம் பண்ணவன் செத்தான்னு ஊரு சொல்லும். உன் மானம் பத்திரமா இருக்கும். அந்த வசதிய நான் உனக்குக் குடுக்க மாட்டேன். கஞ்சியக் குடி. வாயி வெந்து கெடந்தாலும் குடி. இனிமே உன் ஒடம்புல ஓடப் போறது எங்கிட்டேருந்து வந்த ரத்தம். அத வீணாக்க உனக்கு உரிம கெடையாது.”

போனை மாட்டினாள். இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவைதான் கொக்கியில் உட்கார்ந்தது.

ஜோதி மேரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொளஞ்சி ஒரே மூச்சில் குடித்தாள். “நீ சொன்ன மாதிரியே கோவம் ஜாஸ்திதான் ஆச்சி” என்றாள்.

“கண்ணாடிய அடிச்சப்பவே எனக்கும் தெரிஞ்சிச்சிக்கா.”

“உள்ள இருக்கறவன் இனிமே சாப்புடுவான். உனக்கு வேல முடிஞ்சிது.”

“அவருக்கு இன்னும் இருக்கு. உங்களுக்கும் ஒரு நாளு நேரம் ஒதுக்கட்டுமா?”

“எனக்கா? எனக்கு என்னா வியாதி?”

“கட்டிலத் தூக்கிட்டு வந்தவங்கள நீங்க வேணாம்னு சொன்னீங்களே. அத யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

அவள் இந்த ஆஸ்பத்திரியில் கட்டிலைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை. அண்ணி சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்ததுதான். யாரும் அவள் முகத்துக்கு நேராகக் கேட்டதில்லை, அவ்வளவுதான். கொளஞ்சி டம்ளரை மேசைமேல் வைத்தாள். “காலையில இட்லிக்கு மாவு ஆட்டணும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பம் வந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கப் பார்க்க அழுதாள். கொஞ்ச நேரத்தில் ஜோதி மேரி வந்து ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

“நான்தான வேணாம்னேன்” என்றாள் கொளஞ்சி. “ரெண்டு தடவ.”

“ஆமாக்கா” என்றாள் ஜோதி மேரி. “சொல்லுங்க.”

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் போகும்வரை அவள் சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி தங்கராசு நாலு கரண்டி கஞ்சி குடித்தான் என்று மறுநாள் அருள்மொழி போனில் சொன்னாள். ஸ்டெம் செல் ஏற்றியதிலிருந்து பதினாலாவது நாள் ரத்த அணு ஏற ஆரம்பித்தது. பத்தொன்பதாவது நாள் எழுந்து கண்ணாடி வரைக்கும் நடந்தான். கொளஞ்சி எல்லாவற்றுக்கும் “ம்” என்றாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

விடுதிக்கு லீவு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மணவாளநல்லூருக்குப் போனாள். கோயிலுக்கு வெளியே நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, மடக்கு மேசை போட்டுக்கொண்டு சடையப்பன் உட்கார்ந்திருந்தார். எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதக் கை வராதவர்களுக்கும் பிராது எழுதிக் கொடுக்கிறவர். இருபது வருஷமாக ஊர் வழக்கெல்லாம் அவர் பேனா வழியாகத்தான் சாமிக்குப் போகிறது.

“ராஜினாமா ஒண்ணு எழுதணுங்க.”

“வழக்கு முடிஞ்சிதா? நல்லது. சாமி சும்மா உடாது.” அவர் பழைய விவரமெல்லாம் கேட்டு எழுதினார். “காரணம் என்னான்னு போடட்டும்? சமாதானம் ஆயிட்டோம்னு போடவா?”

“சமாதானம்னு போடாதீங்க. குத்தம் தப்பா எழுதிட்டேன், அதனால வாபஸுன்னு போடுங்க.”

சடையப்பன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். எழுதிக் கொடுத்தார். அவள் உள்ளே போய்ப் பூசை வைத்து, முனியப்பர் முன்னால் நின்று வாபஸ் வாங்கிக்கொண்டு அரை மணியில் திரும்பி வந்தாள். நெற்றியில் திருநீறு ஈரமாக இருந்தது. மறுபடியும் அதே பலகையில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு தாளு எடுங்க. புதுசா ஒரு பிராது.”

“புதுசாவா? எதிரி பேரு?”

“அதே பேருதான். தங்கராசு.”

“குத்தம்?”

“பயந்துக்கிட்டு லைட்ட அமத்திட்டுத் திரும்பிப் போயிட்டான். அத பத்து வருஷமா மறைச்சான். அப்பிடியே எழுதுங்க. ஒரு வார்த்த கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்.”

அவர் எழுதினார். சாரல் தாளில் படாமல் இடது கையால் மறைத்துக்கொண்டார். “என்னா நியாயம் வேணும்னு போடணும்?”

கொளஞ்சி யோசிக்கவில்லை. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறும்போதே அதை முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள்.

“அவனுக்கு நூறு வயசு குடுக்கணும். ஒரு நாளு கொறையக் கூடாது. கடைசி நாளு வரைக்கும் ஞாபகம் தப்பக் கூடாது.”

சடையப்பனின் பேனா நின்றது. “ஏம்மா, இது பிராது மாதிரி இல்லியே. வேண்டுதல் மாதிரியில்ல இருக்குது?”

“பிராதுதாங்க” என்றாள் கொளஞ்சியம்மாள். “எழுதுங்க.”